மாமா கடைசி வரிக்குப் போன கதை

புதிதாக எதையாவது கற்றுக்கொண்டவர்களைக் கல்யாண வீட்டில் வேலைக்கு வைக்கவே கூடாது. புதிதாகக் கார் ஓட்டக் கற்றவன், மாப்பிள்ளை வீட்டாரை நானே போய் அழைத்து வருகிறேன் என்று சாவியை எடுப்பான். சமையல் வீடியோ பார்த்துத் தேறியவள், ரசப்பொடி நான்தான் அரைப்பேன் என்று நிற்பாள். இவர்களையாவது கையைப் பிடித்து உட்கார வைத்துவிடலாம். புதிதாக டேட்டாபேஸ் கற்றவளை மட்டும் யாராலும் நிறுத்த முடியாது. அவள் என்ன செய்கிறாள் என்று யாருக்கும் புரிந்தால்தானே நிறுத்துவதற்கு? எங்கள் வீட்டில் அந்த அவள், நான்.

ஆந்திரப் பக்கத்து நகரியில் நைனாவுக்கு (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) சொந்தமாக விசைத்தறி. நான் சித்தூரில் பி.எஸ்சி. முடித்துவிட்டு, வேலை தேடித் தேடிச் செருப்பு தேய்ந்த பிறகு, திருப்பதியில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன். அங்கே போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸைச் சொல்லிக் கொடுத்தார்கள். விவரங்களை அட்டவணை அட்டவணையாகப் போட்டு வைத்து, கேட்கும்போது எடுத்துக் கொடுக்கும் சாஃப்ட்வேர். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம், உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பிரித்தும் பார்க்கலாம். அதன் சின்னம் ஒரு யானைத் தலை. இதைக் கற்றால் திருப்பதியிலேயே நல்ல வேலை கிடைக்கும் என்றார்கள். (இலவசம் என்றதும் நைனாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "சும்மா குடுக்கறதைக் கத்துக்கறதுக்கு எதுக்குமா ஃபீஸு?" என்றார்.)

எங்கள் ஸார் தெலுங்குக்காரர். முதல் வாரமே கரும்பலகையைத் தட்டித் தட்டி ஒன்றைச் சொன்னார். "ஆர்டர் காவாலண்டே அடகாலம்மா!" அட்டவணையில் இருக்கும் வரிகளுக்குத் தானாக எந்த வரிசையும் கிடையாது, வரிசையாக வேண்டுமென்றால் 'ஆர்டர் பை' என்று எழுதிக் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் அது இஷ்டப்படிதான் தரும் என்பது அவர் சொன்னதன் சாரம். நான் அப்போது லேப்டாப் மூடியில் யானை ஸ்டிக்கரைக் கோணல் இல்லாமல் ஒட்டுவதில் மும்முரமாக இருந்தேன். காதில் விழுந்தது, தலையில் ஏறவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை சித்தூர். மண்டபம் நகரியில். எங்கள் வழக்கத்தில் குலதெய்வத்துக்கு அடுத்த பத்திரிகை தாய்மாமனுக்குத்தான். முகூர்த்தத்தன்று பெண்ணை அறையிலிருந்து கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வருவதும் அவரே. அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் ஒரே ஒரு அண்ணன். பங்காருபாளையத்தில் மாந்தோப்பு வைத்திருக்கிறார். அவர் தோளில் உட்கார்ந்து அந்தத் தோப்பையே சுற்றி வளர்ந்தவள் அக்கா. புடவை எடுப்பதற்கு முன்பே, "மாமா கையைப் புடிச்சிக்கினுதான் நான் மேடை ஏறுவேன்" என்று சொல்லிவிட்டாள்.

மாமா தங்கமானவர். ஆனால் மரியாதை விஷயத்தில் தொட்டால் சுருங்கி. (காப்பியை இரண்டாவதாகக் கொடுத்தார்கள் என்று ஒரு நிச்சயதார்த்தத்திலிருந்து எழுந்து போனவர். அது அவருடைய நிச்சயதார்த்தமே என்று ஒரு பேச்சு உண்டு. அத்தை இதுவரை மறுக்கவில்லை.)

இவருக்கு ஒரு போட்டியாளர் உண்டு. நைனாவின் அக்கா வீட்டுக்காரர், புத்தூரில் இருக்கிறார். அவரும் எனக்கு மாமா முறைதான். குழப்பம் வேண்டாமென்று இங்கே அவரைப் புத்தூரார் என்றே சொல்கிறேன். அம்மாவின் கல்யாணத்தில் மாமா வேர்க்க விறுவிறுக்கப் பரிமாறிக்கொண்டிருந்தபோது, இவர் முதல் பந்தியில் உட்கார்ந்து, "சாம்பார்ல உப்பு கொஞ்சம் கம்மி" என்று சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து இரண்டு பேரும் எந்த விசேஷத்திலும் யார் முன்னால் என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வெற்றிலை பாக்குத் தட்டோடு வீடு வீடாகப் போய் அழைப்பது என்று ஏற்பாடு. அதற்கு முன்னால், புதன்கிழமை காலை நல்ல நேரத்தில், வீடியோ பத்திரிகையை எல்லோருக்கும் போனில் அனுப்பிவிடலாம் என்றார் நைனா. ஒவ்வொருவருக்கும் தானே அனுப்புவதாக அக்கா சொன்னாள். நான் விட்டேனா?

"இதுக்குன்னே ஒண்ணு படிச்சிக்கினு இருக்கேன். நான் பாத்துக்கறேன்" என்றேன்.

சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் போஸ்ட்கிரெஸ்ஸில் ஏற்றினேன். பெயர், ஊர், உறவு, போன் நம்பர், பெயருக்கு முன்னால் போடவேண்டிய பட்டம். இந்த அட்டவணையைப் படித்து, மேலிருந்து கீழாக ஒவ்வொருவருக்கும் அவர்கள் பெயரோடு பத்திரிகை அனுப்ப ஒரு சின்ன புரோகிராமும் எழுதினேன். பத்திரிகை நைனாவின் நம்பரிலிருந்து போக வேண்டும், அதனால் அவருடைய போனோடு லேப்டாப்பை இணைத்தேன். ராக்கெட் விடுகிறவளின் முகத்தோடு வீட்டில் நடமாடினேன்.

அம்மாவுக்கு ஒரே கவலைதான். "எங்க அண்ணன் முதல்லதானே?"

"நீயே பாரும்மா." திரையைத் திருப்பிக் காட்டினேன். முதல் வரியில் மாமா. இரண்டாவதாகப் புத்தூரார். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மாமா பெயர் மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்தியாக அடுப்படிக்குப் போனார்.

புதன்கிழமை காலை, நல்ல நேரம் தொடங்கப் போகும்போது மாமாவே எனக்குப் போன் செய்தார்.

"பாப்பா, பத்திரிகை அனுப்பறது நீதான்னு கேள்விப்பட்டேன். என் பேருக்கு முன்னாடி இன்னா போட்டிருக்க?"

"திருன்னு போட்டிருக்கேன் மாமா."

"வெறும் திருவா? மாஜி சர்பஞ்ச்னு போடும்மா. நான் கேக்கறேன்னு இல்ல. பாக்கறவங்க உன்னைத் தப்பா நினைக்கக் கூடாதுல்ல."

ஊராட்சித் தலைவராக இருந்தவர், நியாயம்தான் என்று உடனே மாமாவின் வரியை மட்டும் திருத்தினேன். திருத்திய பிறகு அட்டவணையை இன்னொரு முறை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. ராக்கெட்டை விட்டுவிட்டேன்.

போஸ்ட்கிரெஸ் ஒரு வரியைத் திருத்தச் சொன்னால் பழைய வரியை அழித்து அதே இடத்தில் எழுதாது. பழையதைச் செல்லாது என்று விட்டுவிட்டு, புது வரியை இடம் இருக்கும் பக்கம் போய் எழுதும். என் அட்டவணையில் இடம் இருந்தது கடைசியில். நான் ஆர்டர் பை என்று கேட்கவும் இல்லை. ஆக, மாமாவுக்கு மரியாதை கூட்டிய அந்த நொடியில் மாமா எல்லோருக்கும் கீழே போய்விட்டார். வாழை இலைக்காரருக்கும் கீழே. (அவரையும் அழைத்திருந்தோம், நல்ல மனிதர்.)

பத்திரிகைகள் ஒவ்வொன்றாகப் போவதைக் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். கிட்டத்தட்ட முடியும் நேரத்தில் அப்படியே நின்றுவிட்டது. பார்த்தால், நைனாவின் போனில் அன்றைய டேட்டா தீர்ந்திருந்தது. விடிந்ததிலிருந்து அவர் அரசியல் விவாதங்கள் பார்த்திருக்கிறார். சரி, முக்கியமானவர்களுக்கெல்லாம் மேலேயே போயிருக்கும், மிச்சம் இருப்பது யாரோ ஒருத்தர் இரண்டு பேர், சாயந்திரம் அனுப்பிக்கொள்ளலாம் என்று லேப்டாப்பை மூடிவிட்டு இட்லி சாப்பிடப் போனேன். நாலு இட்லி சாப்பிட்டேன். அவ்வளவு நிம்மதி.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துகள் குவிந்தன. நடுவில் புத்தூரார் ஒரு செய்தி போட்டார். "முதல் பத்திரிகை எங்களுக்கே வந்தது. மிக்க நன்றி." கூடவே கும்பிடும் கைகள், வரிசையாக. அடுத்து வந்தது செய்தி அல்ல, அறிவிப்பு: மாமா குழுவிலிருந்து வெளியேறிவிட்டார்.

அம்மா போன் செய்தார். அத்தை எடுத்தார். "அவரு தோப்புக்குப் போயிட்டாரு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்த உச்சி வெயிலில் மாமா தோப்புக்குப் போகிறவர் அல்ல என்பது அம்மாவுக்குத் தெரியும். நான் லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். அனுப்பாமல் நின்றுபோன ஒரே வரி, மாஜி சர்பஞ்ச்.

அம்மா ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருந்த தட்டை இப்போதே எடுத்து வைத்தார். அக்கா, "அவரு வரலைன்னா நான் யார் கையைப் புடிச்சிக்கினு வர்றது, உன் லேப்டாப்பையா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை அம்மாவும் நானும் தட்டோடு கிளம்பினோம். (டேட்டாவைத் தீர்த்த நைனா, போனை என் கையில் கொடுத்துவிட்டு, தறியில் நூல் அறுந்துபோச்சு என்று நழுவிவிட்டார்.) சித்தூரில் பஸ் மாறி, பங்காருபாளையத்தில் இறங்கும்போது மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. நான் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தேன். என் குற்றமில்லை என்று நிரூபிக்கப் போகிறேனாம்.

மாமா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "வாங்க" என்றார். எங்கள் பக்கம் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துச் சொன்னார். அத்தைதான் எங்களை உள்ளே கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார்.

"நேத்து விடிஞ்சதுமே தலைக்குக் குளிச்சிட்டு, புது வேட்டி கட்டிக்கினு, போனை சாமி படத்துக்கு முன்னாடி வச்சிட்டு உக்காந்துட்டாரு. என்னைப் பாயசம் வேற வைக்கச் சொன்னாரு. இந்தத் தெருவுல எல்லாம் நம்ம சொந்தக்காரங்கதானே. பக்கத்து வீட்ல போன் சத்தம் கேட்டுது. எதிர் வீட்ல கேட்டுது. எங்க வீட்டுது மட்டும் வாயே தொறக்கல. பாயசத்தை யாரும் துன்னல."

அதுவரை இது ஒரு வரி இடம் மாறிய விஷயம் என்றுதான் நினைத்திருந்தேன். மனசுக்குள் கொஞ்சம் சிரித்துக்கொண்டுகூட இருந்தேன். புது வேட்டியில் ஒரு மனிதர் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று கேட்டதும், அழுகை வந்துவிட்டது. கூடத்துக்குப் போய் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"தப்பு என் மேலதான் மாமா. உங்களுக்கு மாஜி சர்பஞ்ச் போடப் போய்தான் இப்படி ஆயிடுச்சு. காட்டட்டா?"

லேப்டாப்பை எடுத்தேன். மாமா முதன்முறையாக மின்விசிறியிலிருந்து பார்வையை இறக்கினார். அது மூடியில் இருந்த ஸ்டிக்கரில் போய் நின்றது.

"இது இன்னாது?"

"இந்த சாஃப்ட்வேரோட சின்னம் மாமா. ஆனை."

மாமாவின் தோப்பில் காட்டிலிருந்து யானைகள் இறங்கி மரங்களை ஒடித்துப்போட்டுப் போனதை நான் சுத்தமாக மறந்திருந்தேன்.

"செல்லி, உன் பொண்ணைப் பாத்தியா?" என்று அம்மாவைப் பார்த்தார். (தங்கையை அவர் தெலுங்கில் செல்லி என்றுதான் கூப்பிடுவார்.) "தோப்புல ஒருவாட்டி ஆனை என்னைக் கவுத்துச்சு. இப்போ பத்திரிகையிலயும் ஆனைதான் கவுத்துச்சு."

ஆனாலும் குனிந்து பார்த்தார். அட்டவணையைக் காட்டி, ஒரு வரியைத் திருத்தினால் அது கீழே போய்விடுவதை விளக்கினேன். வாழை இலைக்காரர் பெயரில் ஓர் எழுத்தைத் திருத்தினேன். அவர் மாமாவுக்குக் கீழே இறங்கினார். மாமாவின் முகத்தில் மெதுவாக வெளிச்சம் வந்தது.

"அப்ப யாரைத் திருத்தினாலும் எனக்குக் கீழ போயிடுவாங்களா?"

"ஆமா மாமா."

"அந்தப் புத்தூர்க்காரனைத் திருத்து."

"இன்னான்னு மாமா?"

"உயர்திருன்னு போடு. மரியாதையாவே கீழ போவட்டும்."

புத்தூரார் உயர்திருவாகிக் கீழே போனார். மாமா நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் நடந்ததை ஒரு பட்டமளிப்பு விழா என்றுதான் சொல்ல வேண்டும். தனக்கு மேலே இருந்த ஒவ்வொருவருக்கும் மாமா ஒரு பட்டம் கொடுத்தார். பாகாலா சித்தப்பா 'பெரியவர்' ஆனார், கீழே போனார். சாந்திபுரம் அத்தை 'அன்னபூரணி' ஆனார், கீழே போனார். ஆளுக்கொரு நம்பர் கொடுத்து, ஆர்டர் பை என்று இரண்டு வார்த்தை எழுதினால் முடிகிற வேலை இது என்று நான் சொல்லப் பார்த்தேன். மாமா கையமர்த்தினார். "நம்பர் போட்டு முன்னாடி நிக்கறது ஒரு பெருமையா? அவங்களா இறங்கணும்."

மேலே இருந்தவர்களெல்லாம் இறங்க, மாமா ஒருவழியாக முதல் வரிக்கு வந்துவிட்டார். அத்தோடு விட்டிருக்கலாம். அவருக்கு ஓர் உறுத்தல். "புத்தூர்க்காரனுக்கு உயர்திரு ஜாஸ்திதான். வெறும் திருன்னு மாத்திடு."

மாற்றினேன். புத்தூரார் நேராக உச்சிக்கு வந்து உட்கார்ந்தார்.

"டேய்!" என்று மாமா லேப்டாப்பைப் பார்த்துக் கத்தினார். "இவன் எப்படி மேல வந்தான்?"

போஸ்ட்கிரெஸ் செல்லாத வரிகளை அவ்வப்போது பெருக்கித் தள்ளி இடத்தைக் காலி செய்யும். அடுத்து யார் திருத்தப்படுகிறாரோ அவர் அந்தக் காலி இடத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். பந்தியில் கை கழுவ எழுந்தவனின் இலைக்கு முன்னால் இன்னொருவன் உட்கார்கிற மாதிரி. இதை நான் சொன்னதும் மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "கரெக்டா அவன் புத்திம்மா இதுக்கு" என்றார்.

"இதுக்கு வேற வழியே இல்லியா பாப்பா?"

அப்போதுதான் ஆர்டர் பை எழுத அனுமதி கிடைத்தது. ஆளுக்கொரு எண் கொடுத்தேன், மாமாவுக்கு ஒன்று. அந்த எண் வரிசைப்படி கொடு என்று கேட்டேன். உச்சியில் மாமா வந்து நின்றார். யாரைத் திருத்தினாலும் அசையவில்லை.

மாமா கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இதை முதல்லயே பண்றதுக்கு இன்னா?"

அம்மா எழுந்து வந்தார். தட்டை இரண்டு கையாலும் நீட்டினார்.

"அண்ணா, அந்தப் பெட்டிக்குள்ள நீ எங்க இருந்தா எனக்கு இன்னா? தட்டை எடுத்துக்கினு முதல்ல உன் வீட்டுக்குத்தான் வந்திருக்கேன். இன்னும் ஒரு வாசப்படி மிதிக்கல. நீ வரலைன்னா என் பொண்ணு ரூமை விட்டு வெளிய வரமாட்டா."

மாமா எழுந்து நின்று தட்டை வாங்கினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், வேர்வை என்றார். "நான் வராம எங்க போவேன், செல்லி? ஒண்ணே ஒண்ணு. எல்லாருக்கும் இன்னொருவாட்டி அனுப்பச் சொல்லு. வரிசையா."

அனுப்பினேன். இந்த முறை அனுப்புவதற்கு முன்னால் அட்டவணையைப் பார்த்தேன். மாமா உள்ளே போய் நேற்றைய புது வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து, போனைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். அது சத்தம் போட்டதும், "யாருக்கோ வந்திருக்கு போல" என்று சாவகாசமாக எழுந்து போய் எடுத்தார். அதற்குப் பிறகுதான் பக்கத்து வீட்டிலும் எதிர் வீட்டிலும் போன்கள் அடித்தன. மாமா வாசலில் நின்று ஒவ்வொரு சத்தத்தையும் கேட்டார். அத்தை மறுபடியும் பாயசம் வைத்தார்.

கல்யாணத்தன்று மண்டபத்தின் பூட்டைத் திறப்பதற்கு முன்பே மாமா வாசலில் நின்றார். அக்காவின் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வந்தபோது அவர் நடை அவ்வளவு மெதுவாக இருந்தது, ஐயர் இரண்டு முறை நேரமாகிறது என்று சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு அந்த மெதுவான நடை ரொம்பப் பிடித்திருந்தது.

சில மாதங்கள் கழித்துத் திருப்பதியில் ஒரு கம்பெனி இன்டர்வியூவில், "ஆர்டர் பை எழுதாவிட்டால் வரிகள் எந்த வரிசையில் வரும்?" என்று கேட்டார்கள். புத்தகப் பதிலைச் சொல்லியிருக்கலாம். நான் மாமாவின் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். கேள்வி கேட்டவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார், பக்கத்து அறையிலிருந்த ஒருவரைக் கூப்பிட்டு, இன்னொரு முறை சொல்லுங்கள் என்றார். வேலை கிடைத்தது.

ஆனால் எங்கள் வீட்டில் இப்போது சொல்லிச் சிரிப்பது இதையல்ல. போன வருஷம் சித்தூர் ஆஸ்பத்திரியில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நர்ஸம்மா வந்து சொன்னதும், யாரும் சொல்லாமலேயே என் கை மாமா நம்பரை அழுத்தியது.

"மாமா, பொண்ணு பொறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

மாமா குரலைத் தாழ்த்திக் கேட்டார். "எனக்கு முன்னாடி யாருக்காவது சொல்லிட்டியா?"

"இல்ல மாமா. உங்களுக்குத்தான் முதல்ல."

"அப்ப நீ யாருக்கும் சொல்லாதம்மா. வரிசையா நானே எல்லாருக்கும் சொல்லிக்கறேன்."

சொன்னார். முதல் போன் புத்தூராருக்கு. (அவருக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்பதைவிட வேறென்ன சந்தோஷம்?) பிறகு பாகாலா, சாந்திபுரம், தெருக்காரர்கள், மாங்காய் மண்டிக்காரர்கள். நைனா அப்போது ஆஸ்பத்திரி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். தான் தாத்தாவாகிவிட்டது அவருக்குத் தெரிந்தது, புத்தூரார் கூப்பிட்டு வாழ்த்துச் சொன்னபோதுதான்.

டீயைக் கீழே வைத்துவிட்டு மாடியேறி வந்த நைனா, குழந்தையைக்கூடப் பார்க்கவில்லை, நேராக என்னிடம் வந்தார்.

"யம்மா, அந்த ஆர்டர் பையில என்னையும் எங்கயாவது போடும்மா" என்றார்.